மிஞ்சிய கிட் பாகங்களில் கற்பனை விமானமும் வண்டியும் கட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்பாஷிங் என்றால் என்ன?

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாடல் கிட்டை அதன் கையேடு சொல்கிறபடி ஒட்டாமல், வெவ்வேறு கிட்களின் பாகங்களைச் சேர்த்து, எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு விமானத்தையோ வண்டியையோ கப்பலையோ உருவாக்குவதற்குக் கிட்பாஷிங் என்று பெயர். ஜப்பானில் இதை மிக்ஸிங் பில்ட் என்கிறார்கள். ஒரே விமானத்தின் இரண்டு மூன்று வகைகளுக்குமான ஏவுகணைகள், எரிபொருள் தொட்டிகள், மூக்குப் பகுதிகள் ஆகியவற்றை நிறுவனங்கள் பாகங்களைத் தாங்கும் ஒரே பிளாஸ்டிக் சட்டத்தில் வார்த்துக் கொடுத்துவிடுவதால், ஒரு கிட்டைக் கட்டி முடித்த பிறகும் பெட்டியில் கை நிறையப் பாகங்கள் மிஞ்சும். அவற்றை எறியாமல் சேர்த்து வைப்பவரிடம் ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு சிறு தொழிற்சாலைக்குப் போதுமான சரக்கு இருக்கும்.

இது எப்போது தொடங்கியது?

ஒரு நாளையோ ஓர் ஆளையோ குறிப்பிட முடியாது. இங்கிலாந்தில் 1936-இல் ஃப்ராக் பெங்குயின் கிட்கள் 1/72 அளவில், அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக, வெளிவந்தன; 1950-களில் ஏர்ஃபிக்ஸ் போன்ற நிறுவனங்களால் கிட் மலிவானது. மலிவான பிறகுதான் மக்களுக்கு அதை வெட்டிப் பார்க்கும் துணிச்சல் வந்திருக்கும் என்பது என் கருத்து. திரைப்படத் துறை இதைத் தொழிலாகவே செய்தது. 1968-இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் விண்கலங்களிலும், 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கலங்களிலும் பீரங்கி வண்டி, போர்க்கப்பல், விமானம் ஆகியவற்றின் கிட் பாகங்கள் ஏராளமாக ஒட்டப்பட்டன. கலிஃபோர்னியாவின் வேன் நைஸ் பகுதியில் ஒரு கிடங்கில் இருந்துகொண்டு 'ஸ்டார் வார்ஸ்' கலைஞர்கள் இதற்காகவே பெட்டி பெட்டியாகக் கிட்களை வாங்கினார்கள். மேற்பரப்பை நிரப்பும் அத்தகைய சிறு பாகங்களுக்குக் கிரீபிள் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

ஆனால் இந்தக் கலையில் நான் மிகவும் மதிப்பது ஜப்பானியரான கோ யோகோயாமாவின் பணியை. 1982-இல் ஹாபி ஜப்பான் இதழில் அவர் எஸ்எஃப்3டி என்ற தொடரைத் தொடங்கினார். கிட் பாகங்களைக் கலந்து அவர் உருவாக்கிய கவச உடைகளும் ஊர்திகளும் பின்னர் நிட்டோ நிறுவனத்தின் கிட்களாகவே வெளிவந்தன. தொடரும் பின்னாளில் மாஷினன் க்ரீகர் என்று பெயர் மாறியது. உதிரிகளில் பிறந்த ஒன்று கிட்டாக மாறி, அந்தக் கிட்டின் பாகங்கள் மறுபடி பிறருடைய உதிரிப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

நிஜ விமானங்களை யாராவது இப்படிக் கட்டியிருக்கிறார்களா?

கட்டியிருக்கிறார்கள், அதுவும் பல முறை. கற்பனை விமானம் கட்டுவதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று யாராவது சொன்னால் நான் முதலில் எடுத்துக் காட்டுவது அமெரிக்காவின் எக்ஸ்-29-ஐ. க்ரம்மன் நிறுவனம் கட்டி 1984 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த அந்த ஆய்வு விமானத்துக்கு இறக்கைகள் பின்னோக்கிச் சாயாமல் முன்னோக்கிச் சாய்ந்திருந்தன. அதன் முன்பக்க உடலும் மூக்குச் சக்கரமும் எஃப்-5ஏ போர் விமானத்தினுடையவை. முதன்மைச் சக்கரங்கள் எஃப்-16-இனுடையவை. இறக்கை ஒன்றைச் சோதிப்பதற்காக ஒரு முழு விமானத்தையும் புதிதாக வடிவமைக்க வேண்டியதில்லை என்று பொறியாளர்கள் எடுத்த முடிவு அது. நாம் மேசையில் எடுக்கும் முடிவும் அதுவே. ராடாரில் எளிதில் தென்படாத எஃப்-117 விமானமும், செலவையும் கால அளவையும் குறைப்பதற்காக, ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த விமானங்களின் உறுப்புகளை எடுத்துக்கொண்டது.

ஜெர்மானியர்கள் இரண்டு ஹெய்ங்கல் 111 குண்டுவீச்சு விமானங்களை அருகருகே வைத்து, நடுவில் ஒரு புதிய இறக்கைத் துண்டையும் ஐந்தாவது எஞ்சினையும் பொருத்தி, மெஸ்ஸர்ஷ்மிட் 321 என்ற பெரிய சறுக்கு விமானத்தை இழுப்பதற்காக ஹெ 111இசட் என்ற ஒன்றை உருவாக்கினார்கள். அதன் படத்தை ஒரு மாடல் என்று காட்டினால், 'எஞ்சினை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் நடுவில் ஒட்டிவிட்டார்' என்று குறை சொல்வார்கள்.

இன்னொன்று சீனாவில் நடந்தது. 1941-இல் ஜப்பானியக் குண்டுவீச்சில் ஒரு டிசி-3 பயணிகள் விமானத்தின் ஒரு பக்க இறக்கை நொறுங்கிப்போனது. மாற்று இறக்கை கைவசம் இல்லை. அதன் முன்னோடியான டிசி-2-இன் இறக்கை ஒன்று ஹாங்காங்கில் இருந்தது. அதை இன்னொரு விமானத்தின் வயிற்றுக்கு அடியில் கட்டி எடுத்து வந்து பொருத்தினார்கள். அது மற்ற இறக்கையைவிட ஏறக்குறைய ஐந்து அடி குட்டை. அப்படியும் விமானம் பறந்தது. டிசி-2½ என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. என் உதிரிப் பெட்டியின் மூடியில் இந்தப் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

எதிலிருந்து தொடங்குவது?

பெரிய, வழவழப்பான ஒரு பாகத்திலிருந்து தொடங்குங்கள். புதியவர்கள் பெரும்பாலும் ஒரு முழு விமானத்தை எடுத்து அதன் மேல் பொருள்களை ஒட்டிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் அது மூட்டை சுமக்கும் பழைய விமானமாகவே நிற்கிறது. அதற்குப் பதிலாக, எதுவுமாக மாறக்கூடிய ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டால் கற்பனைக்கு இடம் கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது கூடுதல் எரிபொருள் தொட்டி. 1/48 கிட் ஒன்றில் மிஞ்சிய தொட்டியை அளந்து பார்த்தேன்: நீளம் 11 செ.மீ., விட்டம் 14 மி.மீ. இதையே 1/72 அளவில் ஒரு விமான உடலாக எண்ணினால் நீளம் ஏறக்குறைய 8 மீட்டர், அகலம் 1 மீட்டர். ஓர் ஆள் மட்டும் நெருக்கி உட்காரக்கூடிய சிறு விமானத்துக்கு மிகச் சரியான அளவு. தொட்டியின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே மேல் பாதியில் விமானி அறைக்கான திறப்பை வெட்டி, உள்ளே 1/72 இருக்கை ஒன்றை வைத்துப் பார்த்தபோது, அது தொட்டி என்ற நினைவே எனக்குப் போய்விட்டது.

வெவ்வேறு அளவுவிகிதக் கிட்களைக் கலக்கலாமா?

தாராளமாகக் கலக்கலாம், மேலே சொன்ன தொட்டியே அதற்குச் சான்று. ஆனால் கலப்பதற்கு முன், கட்டப்போகும் ஊர்தியின் அளவுவிகிதம் எது என்பதை முடிவு செய்துவிட வேண்டும். அதன் பிறகு, மனித உடலோடு தொடர்புள்ள எதையும் வேறு அளவிலிருந்து எடுக்கக் கூடாது. இருக்கை, கதவு, ஏணி, கைப்பிடி, விமானி அறையின் கண்ணாடி மூடி ஆகியவைதான் பார்ப்பவர் கண்ணுக்கு அளவைச் சொல்கின்றன. 175 செ.மீ. உயரமுள்ள ஆள் 1/72-இல் 24 மி.மீ., 1/48-இல் 36 மி.மீ., 1/35-இல் 50 மி.மீ. உயரம் இருப்பார். 1/35 பீரங்கி வண்டியின் சக்கரம் 1/72 விமானத்தில் ஒரு ராடார் தட்டாகவோ காற்றாடியின் (புரொப்பெல்லரின்) நடுக்குமிழாகவோ மாறிவிடும். அதே வண்டியின் ஏறும் படி மாறவே மாறாது, ராட்சதன் ஏறுவதற்கான படியாகத்தான் தெரியும். ரிவெட் வரிசைகளும் இப்படியே காட்டிக்கொடுக்கும் என்பதால், பெரிய அளவுக் கிட்டின் பாகங்களில் அவற்றை உப்புத்தாளால் தேய்த்துவிடுவது நல்லது.

கட்டியது ஏன் நிஜம் போலத் தோன்றுவதில்லை?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஒட்டிய ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும், அந்த வேலை என்னவென்று கட்டியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜெட் எஞ்சின் இருந்தால் காற்று உள்ளே போக வாயும், சூடான காற்று வெளியேறக் குழாயும் வேண்டும். இரண்டுக்கும் இடையில் எஞ்சின் இருப்பதற்கு இடமும் வேண்டும். சக்கரங்கள் மடங்குமானால் அவை போய் ஒளிய ஓர் அறை தேவை. விமானிக்கு ஓடுபாதை தெரிய வேண்டும். முதன்மைச் சக்கரங்கள், மூக்குச் சக்கரம் உள்ள விமானத்தில் எடை மையத்துக்குச் சற்றுப் பின்னாலும், வால் சக்கரம் உள்ள விமானத்தில் சற்று முன்னாலும் இருக்க வேண்டும். பார்ப்பவர் இவற்றை ஒவ்வொன்றாகச் சோதிப்பதில்லை. ஆனால் ஒன்று இல்லாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று அவருடைய கண் சொல்லிவிடும்.

என் தொட்டி விமானத்துக்கு வால் பக்கத்தில் காற்றாடி வைக்க விரும்பினேன். 1/72-இல் 3 மீட்டர் காற்றாடி 42 மி.மீ. வருகிறது; ஆக, நடுப்புள்ளி தரையிலிருந்து 21 மி.மீ.க்கு மேலே இருந்தாக வேண்டும். மேலெழும்போது மூக்கு நிமிர்ந்து வால் தாழுமே, அதற்கும் இடம் விட வேண்டும். நான் முதலில் பொருத்திய சக்கரக் கால்கள் 15 மி.மீ. உயரம். நிஜத்தில் முதல் ஓட்டத்திலேயே காற்றாடி ஓடுபாதையில் அடித்துச் சிதறியிருக்கும். அமெரிக்காவின் கோர்செய்ர் விமானத்தில் 4 மீட்டர் அகலக் காற்றாடி தரையைத் தொடாமல் இருக்கவும், சக்கரக் கால்கள் குட்டையாகவே இருக்கவும் இறக்கையையே கீழ்நோக்கி வளைத்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. படித்தபோது தகவலாக இருந்தது, கையில் 21 மி.மீ. அளவுகோலைப் பிடித்தபோது அவர்களுடைய கவலையாகத் தெரிந்தது. நான் 1/48 கிட் ஒன்றின் நீண்ட கால்களை மாற்றிப் பொருத்தினேன்.

இடது இறக்கையை வலது பக்கம் மாற்றி வைத்தால் முன்னோக்கிய இறக்கை கிடைத்துவிடுமா?

கிடைக்கும், ஆனால் பாதிதான். பின்னோக்கிச் சாய்ந்த இடது இறக்கையை அப்படியே திருப்பி வலப்பக்கம் வைத்தால் நுனி முன்னோக்கி வரும். கூடவே இறக்கையின் கூரான பின்விளிம்பு காற்றை எதிர்கொள்ளும் பக்கத்துக்கு வந்துவிடும், உருண்டையான முன்விளிம்பு பின்னால் போய்விடும். பறக்கும் திசைக்கு இறக்கை முன்பின்னாக மாறிவிடுகிறது என்று பொருள். நான் மிக்-15 கிட்டின் இறக்கைகளை இப்படி மாற்றியபோது செய்தவை இவை: கூரான விளிம்பில் அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி உருட்டித் தேய்த்தேன், எதிர் விளிம்பை இருபுறமும் சாய்வாகச் சீவினேன், முன்பக்கம் வந்துவிட்ட அசையும் தட்டுகளின் கோடுகளைப் புட்டியால் அடைத்து, பின்பக்கத்தில் புதிதாகக் கீறினேன். ஒரு மாலை முழுவதும் பிடித்தது. இந்த வேலையைச் செய்யாமல் விட்டால், விமானங்களை அறிந்தவர் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கும்.

எந்தப் பசையைப் பயன்படுத்துவது?

கிட்களின் பாகங்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். மாடல்களுக்கென்று விற்கும் நீர்த்த பசை அந்தப் பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக உருக்கிவிடுவதால், காய்ந்த பிறகு பிணைப்பு மிகவும் வலுவாக இருக்கும். ஆனால் உதிரிப் பெட்டியில் எல்லாமே பாலிஸ்டைரீன் அல்ல. ரோபோ கிட்களின் மூட்டுகளில் ஏபிஎஸ்ஸும் பாலிஎத்திலீனும் வரும். ரெசின் பாகங்கள் இருக்கும். பொம்மைகளிலிருந்து எடுத்தவை என்னவென்றே தெரியாது. மறைவான ஓர் இடத்தில் ஒரு சொட்டுப் பசை வைத்து, பரப்பு இளகுகிறதா என்று பாருங்கள். இளகாவிட்டால் ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையோ இருகலவை எபாக்ஸியோ தேவை. பாலிஎத்திலீன் எதற்கும் ஒட்டாது; அதை ஆணியோ கம்பியோ வைத்துத்தான் பொருத்த வேண்டும்.

கண்ணாடிப் பாகங்களுக்கு உடனடிப் பசை கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெண்மையாகப் படியும். ஓர் இரவு மூடிய பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காலையில் திறந்தபோது, மூன்று நாள் உழைத்த விமானி அறை பனி மூடியது போல இருந்ததைக் கண்டு நான் மிகவும் வருந்தினேன். அன்றிலிருந்து கண்ணாடிக்கு ஃபெவிகால் வகை வெள்ளைப் பசைதான். அது காய்ந்தால் தெளிவாகிவிடும், தவறினால் தண்ணீரில் துடைத்துவிடலாம்.

பொருந்தாத பாகங்களுக்கு நடுவே விழும் இடைவெளியை எப்படி அடைப்பது?

சிறிய கோடுகளுக்கு மாடல் புட்டி போதும். பெரிய பள்ளங்களில் புட்டியை மொத்தமாக அப்பினால் காய்ந்து சுருங்கி வெடிக்கும். அங்கே முதலில் பிளாஸ்டிக் தகட்டுத் துண்டுகளை ஒட்டி நிரப்பி, அதன் மேல் எபாக்ஸி புட்டி வையுங்கள். கடைகளில் குழாய் ஒழுக்குக்கு விற்கும் எம்-சீல் உள்ளே தாங்குவதற்கு உதவும். வெளிப்பரப்பை நயமாகத் தேய்க்க அது சற்று முரடு. உடலும் இறக்கையும் சேரும் வளைவை ஈரவிரலால் வழித்து உருவாக்கும் வேலையில் மட்டும் அவசரம் வேண்டாம். இரண்டு கிட்கள் ஓர் உடலாக மாறுவது அந்த வளைவில்தான்.

மூக்கில் எடை வைக்க வேண்டுமா?

மூக்குச் சக்கரம் உள்ள விமானத்துக்குப் பெரும்பாலும் வேண்டும், இல்லாவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும். தூண்டில் ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் புதைக்காதீர்கள். ஈயம் மெல்ல வேதிமாற்றம் அடைந்து உப்பி, ஆண்டுகள் கழித்து உடலைப் பிளந்துவிடக்கூடும். எஃகு குண்டுகளும் எபாக்ஸியும் பாதுகாப்பானவை.

வண்டிகளுக்கும் இதே விதிகள்தானா?

அடிப்படை ஒன்றே. விமானத்தில் காற்று செய்யும் வேலையை வண்டியில் தரை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரங்கள் மேலும் கீழும் அசைய இடம் இருக்கிறதா, வயிற்றுக்கும் தரைக்கும் இடையில் போதிய உயரம் இருக்கிறதா, பீரங்கி சுழன்றால் பின்பகுதி எதிலும் இடிக்கிறதா, ஓட்டுநர் எதன் வழியாகப் பார்க்கிறார் என்பவற்றைப் பார்த்துக்கொண்டால் போதும். அமெரிக்க ஷெர்மன் பீரங்கி வண்டியில் பிரிட்டன் தன்னுடைய 17 பவுண்டர் பீரங்கியைப் பொருத்தி ஃபயர்ஃபிளை என்று பெயரிட்டபோது, பீரங்கியைத் தாங்கிச் சுழலும் கோபுரத்துக்குள் இடம் போதாமல் பீரங்கியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, வானொலிக் கருவிக்குக் கோபுரத்தின் பின்னால் தனிப்பெட்டி ஒட்ட நேர்ந்தது. அந்தப் பெட்டியைப் போன்ற ஒன்று உங்கள் வண்டியிலும் இருந்தால், அது ஏதோ ஒரு பட்டறையில் பாடுபட்டு உருவானது என்பதை எவரும் நம்புவார்கள்.

ஓர் எச்சரிக்கை: வினைல் சங்கிலித் தடங்களையும் டயர்களையும் பாலிஸ்டைரீன் பாகங்களோடு சேர்த்துப் போட்டு வைக்காதீர்கள். வினைலிலிருந்து கசியும் நெகிழ்த்திகள் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டுவது எது?

சாம்பல் நிறப் பிரைமர், அதாவது வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. பச்சை, வெள்ளை, பழுப்பு, கறுப்பு என்று ஐந்து கிட்களின் பிளாஸ்டிக்கும் வெளியே தெரியும்வரை அது உதிரிகளின் குவியல்தான். பிரைமர் அடித்ததும் ஒரே இயந்திரமாகிவிடும். மறைத்துவிட்டோம் என்று நினைத்த ஒட்டுத் தடங்களும் அப்போதே வெளிப்படும். ஆகவே பிரைமர் அடிப்பது, தேய்ப்பது, மீண்டும் அடிப்பது என்று இரண்டு மூன்று சுற்றாவது போக வேண்டியிருக்கும். வண்ணத்தில் நான் அடக்கத்தையே விரும்புகிறேன். வடிவம் விநோதமாக இருக்கும்போது வண்ணம் சாதாரணமாக இருந்தால், அந்த ஊர்தி நாள்தோறும் வேலை செய்வது போன்ற தோற்றம் வருகிறது. டெக்கால்களில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படங்களில்) 'இங்கே மிதிக்காதே', 'எரிபொருள்' போன்ற சிறு எச்சரிக்கைகள் நாட்டுச் சின்னங்களைவிட முக்கியம்.

வரலாற்றை ஒட்டிக் கற்பனை செய்ய விரும்பினால்?

அதற்கென்றே பலர் இருக்கிறார்கள். பிரிட்டனின் டிஎஸ்ஆர்-2 1964 செப்டம்பரில் பறந்து, 1965 ஏப்ரலில் கைவிடப்பட்டது. அது விமானப்படையில் சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கட்டாத கற்பனைக் கலைஞர் குறைவு. நம் வாசகர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்தியாவின் மாருத். கூர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர் தலைமையில் பெங்களூரில் வடிவமைக்கப்பட்டு 1961 ஜூனில் பறந்த எச்எஃப்-24 மாருத்துக்கு, அதன் வடிவமைப்புக்கு ஏற்ற வலுவான எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆர்ஃபியஸ் எஞ்சின்களோடு 147 விமானங்கள் கட்டப்பட்டு நின்றுபோயின. ஏற்ற எஞ்சின் கிடைத்திருந்தால் காற்று வாய்கள் பெரிதாகியிருக்கும், வால் பக்க உடல் அகன்றிருக்கும், எரிபொருள் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும். இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் உங்கள் பெட்டியில் ஒரு பாகம் இருக்கக்கூடும்.

நல்ல கிட் ஒன்றை வெட்டலாமா?

உற்பத்தி நின்றுபோன அரிய கிட்டாக இருந்தால் வெட்டாதீர்கள். மற்றவற்றை வெட்டலாம்.

தூசி, வாசனை ஆகியவற்றால் உடலுக்குத் தீங்கு உண்டா?

உண்டு. கரைப்பான் பசைகளையும் தெளிப்பு வண்ணங்களையும் காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துங்கள். ரெசின் பாகங்களைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள். மழுங்கிய பிளேடு அதிக அழுத்தம் கேட்கும், வழுக்கி விரலில் பாயும், அடிக்கடி மாற்றுங்கள்.

உதிரிப் பெட்டியை எப்படி ஒழுங்குபடுத்துவது?

எந்தக் கிட்டிலிருந்து வந்தது என்று பார்த்து அடுக்காதீர்கள். வடிவத்தைப் பார்த்து அடுக்குங்கள். உருளைகள் ஒரு தட்டில், வட்டத் தட்டுகள் இன்னொன்றில், தட்டையான பலகைகள், கூம்புகள், கம்பி போன்றவை, கண்ணாடிகள் என்று பிரித்து வைத்தால், தேடும்போது 'ஏவுகணை' என்ற பெயர் குறுக்கே வராது. ஒரு மெல்லிய உருளை மட்டும் கண்ணில் படும். வெற்றுச் சட்டங்களையும் கொஞ்சம் வைத்திருங்கள். மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரு பக்கமும் நிதானமாக இழுத்தால், தலைமுடி அளவுக்கு மெல்லிய வானொலிக் கம்பி கிடைக்கும்.

கட்டிய ஊர்திக்குக் கதை எழுத வேண்டுமா?

கதை எழுதுவது உங்கள் விருப்பம். அளவு விவரங்களை மட்டும் கட்டாயம் எழுதச் சொல்வேன், அதுவும் வண்ணம் அடிப்பதற்கு முன்பே. நீளம், இறக்கை அகலம், எத்தனை பேர் ஏறுவார்கள், எஞ்சின் எது, எரிபொருள் எங்கே என்று ஓர் அட்டையில் எழுதும்போது விடுபட்டவை தெரிந்துவிடும். என் தொட்டி விமானத்துக்கு எழுதிக்கொண்டு வந்தபோது 'எரிபொருள்' என்ற இடத்தில் பேனா நின்றது. உடலில் விமானியும் எஞ்சினும் போக இடமே இல்லை. பெட்டியைத் திறந்து 1/72 தொட்டிகள் இரண்டை எடுத்து, இறக்கை நுனிகளில் நுனிக்கு ஒன்றாகப் பொருத்தினேன்.